வானம் குடித்த பங்கு

கிணத்துக்கடவு
22-1-2024

அம்மணி சாமியாத்தாளுக்கு அண்ணன் தம்பிதுரை எழுதுவது.

வெள்ளிப்பதி அணையிலிருந்து வெயில் குடித்துவிட்டுப் போகும் தண்ணீர் முழுவதையும் எங்கள் பங்கில் எழுதிவிட்டார்கள். உங்கள் பங்கில் ஒரு சொட்டுகூட எழுதவில்லை. இதுதான் நடந்த அநியாயம். இதைச் சொல்லத்தான் ஏழு வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் போடுகிறேன். சௌக்கியமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. மற்றபடி இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அணை இரண்டு மாநிலத்துக்கும் பொது. ஒப்பந்தப்படி கேரளத்துக்கு உரியதை எல்லையில் அளந்து முதலில் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சம்தான் எங்களுக்கு. ஆவியாகிப் போவதும் அந்த மிச்சத்திலிருந்துதான் போகிறது. இந்த வருஷம் எங்கள் வாய்க்காலுக்கு இரண்டு சுற்றுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு சுற்று வானத்துக்குப் போய்விட்டது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சுற்று வராவிட்டால் என் தென்னை சித்திரையைத் தாண்டாது.

ஆபீசில் கிருபாசங்கர் என்று ஓர் இளம் பொறியாளர். தன்மையான பையன். "ஏனுங்கய்யா, வெயில் அடிக்கறதுக்கு நாங்க என்னுங்க பண்றது?" என்று காதருகே வந்து கத்திச் சொன்னான். "அடிக்கட்டும் தம்பி. அது யாரு பங்குல அடிச்சுதுன்னு மட்டும் சொல்லு" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். டீ குடித்ததற்காக மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

வாரத்துக்கு இரண்டு அங்குலம் ஆவியாகிறது என்பது அவர்கள் கணக்கு. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் வேளாண்மைக் கல்லூரி போட்ட புத்தகங்களைப் படித்து, நம் அப்பா வெல்லம் காய்ச்சிய இரும்புக் கொப்பரையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வெட்ட வெளியில் வைத்து அளந்துகொண்டு வருகிறேன். வாரத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை. இதைச் சொன்னால், அணைக்கு ஒரு பக்கத்து அளவு செல்லாது, அந்தப் பக்கமும் காட்டு என்கிறது இரு மாநிலக் கூட்டுக் குழு.

அதைச் செய்த ஆசாரியே செய்த இன்னொரு கொப்பரை உன் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. இரண்டும் ஒரே அகலம், ஒரே ஆழம், ஓர் அடி. இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அதை வெளியில் எடுத்து வை. நிரப்பு. நடுவில் ஒரு கம்பியை நட்டு, வாரா வாரம் எவ்வளவு இறங்கியது என்று எழுதி அனுப்பு. உன் பக்கம் வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே நிரப்புவதில் உனக்கு ஒரு சிரமமும் இல்லை.

போன் வேண்டாம். எனக்குக் கேட்காது, குழுவும் ஏற்காது. கையெழுத்தோடு கடிதம் வேண்டும்.

தம்பிதுரை

*

கொழிஞ்சாம்பாறை
4-2-2024

அண்ணனுக்கு சாமியாத்தாள் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

கவரின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன். பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் கணக்கு என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. முப்பது கிலோமீட்டரைத் தாண்ட உங்கள் கடிதம் ஆறு நாள் எடுத்திருக்கிறது. கோயமுத்தூர் போய், பாலக்காடு போய், சுற்றிக்கொண்டு வருகிறதாம்.

அண்ணியின் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொல்லுங்கள். எண்ணெய் தடவி வெயிலில் உட்கார்ந்தாலும் கேட்கும். காதுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? காது கேட்காதவரோடு சண்டை போடுவது அண்ணிக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துச் சிரித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். புவனா எர்ணாகுளத்தில் பதினாலாவது மாடியில் இருக்கிறாள். "அம்மா, வந்துருங்க, அங்க தனியா என்னத்தப் பண்றீங்க" என்று நாள் தவறாமல் போனில் சொல்கிறாள். அவ்வளவு உயரத்தில் கோழி வளர்க்க முடியாதே கண்ணு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் போன பிறகு இங்கே எனக்குப் பேச்சுத் துணை கோழிகள்தான்.

கொப்பரை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. ஆள் விட்டு வெளியில் எடுத்து வைத்துவிட்டேன். அளவு ஒன்றரை அங்குலம். நீங்கள் சொன்னதுதான் சரி.

லாரி ஹாரன் கேட்கிறது. போக வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

சாமியாத்தாள்

*

கிணத்துக்கடவு
14-2-2024

அம்மணி,

கடிதம் வந்தது. ஒன்றரை என்று நீ எழுதியதை உன் அண்ணியிடம் காட்டினேன். நொச்சி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வார அளவு போதாது. ஒவ்வொரு வாரமும் வேண்டும். கொப்பரை மேல் கம்பி வலை போடு. என்னுடையதில் முதல் வாரம் மயில் வந்து குடித்துவிட்டது. நான்கு மயில் குடித்ததை வெயில் கணக்கில் எழுதியிருப்பேன். நல்ல வேளையாகக் கண்ணில் பட்டது. கம்பியை அசைக்காதே. விடியற்காலையில் அள.

கிருபாசங்கர் வந்து என் கொப்பரையைப் பார்த்தான். "அய்யா, கொப்பரை தென்னை நெழல்ல இருக்குதுங்களே, அதான் கம்மியா காட்டுது" என்றான். "எந்த நெழல் தம்பி?" என்று கேட்டு மேலே பார்க்கச் சொன்னேன். மட்டையெல்லாம் காய்ந்து தொங்குகிறது. நெழல் இருந்தா நான் எதுக்கு மனுக் குடுக்கறேன் என்றேன்.

பையன் தனபால் பீளமேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தான். தோப்பை விற்றுவிட்டு அவனோடு வந்து இருக்கச் சொல்கிறான். வீட்டுமனைச் சைட் போடுகிறவன் ஒருவனைக் கையோடு கூட்டிவந்திருந்தான். அவனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டேன். ஒரு சுற்றுத் தண்ணீர் வந்தால் தோப்பு பிழைக்கும். பிழைத்தால் யாரும் விற்கச் சொல்ல முடியாது. குழுக் கூட்டம் ஏப்ரலில். அதற்குள் உன் அளவுகள் என் கையில் இருக்க வேண்டும்.

தம்பிதுரை

*

கொழிஞ்சாம்பாறை
1-3-2024

அண்ணனுக்கு வணக்கம்.

நீங்களும் அண்ணியும் இந்த வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்? மத்தியானம் தோப்புப் பக்கம் போகாதீர்கள்.

பிப்ரவரியில் நாலு வார அளவு: ஒன்றரை, ஒன்றரை, ஒன்றே முக்கால், ஒன்றரை. வலை போட்டுவிட்டேன்.

மாட்டை விற்றுவிட்டேன். இரண்டுமே. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கொண்டுபோனவன் நல்ல மாதிரி. கோபாலபுரம் பக்கம், தண்ணீர் உள்ள இடம் என்றான். இப்போதெல்லாம் எனக்குக் குளியல் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான். வயசாகிவிட்டதல்லவா, குளிர் தாங்குவதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரா வாரம் கொப்பரையை நிரப்ப ஊற்றுகிறீர்களே, அந்தத் தண்ணீரை ஒரு மரத்தடியில் ஊற்றினால் அந்த ஒரு மரமாவது நிற்காதா? கண் முன்னால் வெயிலுக்கு ஊற்றுவது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அவருடைய திதி இந்த மாதம் பத்தாம் தேதி வருகிறது. ஏழு வருஷம் ஓடிவிட்டது. புவனா வருவாள். அவர் போனபோது நீங்கள் வரவில்லை, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை ஒரு நாள் பிந்தி, தனபால் கையில் பஸ்ஸில் வந்தது. அது பெட்டியில் அப்படியே இருக்கிறது. பூச்சி அரிக்காமல் அவ்வப்போது வெயிலில் போட்டு எடுக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

சாமியாத்தாள்

*

கிணத்துக்கடவு
20-3-2024

அம்மணி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது.

மரத்துக்கு ஊற்றினால் ஒரு மரம் நிற்கும். கணக்கு நின்றால் தோப்பு நிற்கும். இந்த வாய்க்காலில் உள்ள அத்தனை தோப்பும் நிற்கும். போர்த் தண்ணீர் ஆயிரம் அடியிலிருந்து உப்பாக வருகிறது, அதுவும் அரை மணி நேரம்தான். அதை வெயிலுக்கு ஊற்றும்போது எனக்கு மட்டும் சுகமாகவா இருக்கிறது?

மாட்டை விற்றதற்கு ஆள் இல்லை என்பது ஒரு காரணமா? வாய்க்கால் ஓரத்தில் புல் முளைக்கும், கட்டிவிட்டால் மேயும். உன் பக்கத்துக்காரர்களுக்கு எல்லாம் தானாக வருவதால் எதையும் வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை. ஒப்பந்தம் போட்டவன் உங்களுக்குத் தண்ணீரையும் எங்களுக்கு வெயிலையும் எழுதிவைத்துவிட்டான். இதை ஏழு வருஷத்துக்கு முன்னால் செக்போஸ்ட்டில் மறியல் பண்ணியபோதும் சொன்னேன். மாப்பிள்ளை பாலுசாமிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் உண்மை உண்மைதான்.

இன்னொன்று. மார்ச் பதினாலாம் தேதி இங்கே நல்ல மழை. கொப்பரையில் ஓர் அங்குலம் ஏறிவிட்டது. உன் பக்கம் வேலந்தாவளத்தில் இதைவிடப் பெரிய மழை என்று பஸ் கண்டக்டர் சொன்னார். நீ அந்த வாரத்துக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறாய், அதில் ஒன்றரை இறங்கியதாக இருக்கிறது. மழை பெய்த வாரம் எப்படி இறங்கும்? அளக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா?

தம்பிதுரை

*

கொழிஞ்சாம்பாறை
29-3-2024

அண்ணனுக்கு வணக்கம். அண்ணிக்கு வலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம்.

அந்த மழை எங்கள் தோட்டத்தில் விழவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சில சமயம் அப்படித்தான். கண்ணாடி போட்டுத்தான் அளந்தேன்.

திதி நல்லபடியாக நடந்தது. புவனா ஒரு நாள் இருந்தாள். அவளுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் குடங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கோழிகள் இப்போது எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே முட்டையிடுகின்றன.

மார்ச் கடைசி வாரம்: ஒன்றே முக்கால்.

சாமியாத்தாள்

*

கிணத்துக்கடவு
10-4-2024

அம்மணி சாமியாத்தாளுக்கு,

நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேர்தல் முடியட்டும் என்று கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மே பதினாலாம் தேதி பொள்ளாச்சியில். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் வருகிறார்கள். இதுவரைக்கும் நீ எழுதிய அளவுகளையெல்லாம் தனபாலிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து மனுவோடு சேர்த்துவிட்டேன். தனபால் அதைப் படித்துவிட்டு, "அப்பா, அத்தையோட அளவும் உங்களுதும் அச்சுல வாத்த மாதிரி இருக்குது, நீங்களே சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டான். ஒரே ஆசாரி செய்த கொப்பரை, ஒரே வெயில், வேறெப்படி இருக்கும் என்றேன். பெற்ற மகனே சந்தேகப்பட்டால் குழு என்ன செய்யும் பார்.

தெற்கு வரிசை முழுதும் குருத்துச் சாய்ந்துவிட்டது. தென்னையில் குருத்துச் சாய்ந்தால் அப்புறம் கொடுத்தும் பயனில்லை. வடக்கு வரிசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மே மாதத்தில் தீர்ப்புச் சொல்லி ஜூனில் திறந்தால்கூடப் போதும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ எழுதிய அளவெல்லாம் உண்மை என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூட்டத்தில் முதலில் வாசிக்கப் போவது உன் அளவைத்தான். கேரளத்திலிருந்தே ஒரு பெண் எங்களுக்குச் சாட்சி சொல்கிறாள் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது.

தம்பிதுரை

*

கொழிஞ்சாம்பாறை
22-4-2024

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணா, என் அளவை முதலில் வாசிக்க வேண்டாம். உங்களுடையதே போதாதா? என்னுடையது கடைசியில் கிடக்கட்டும். முடிந்தால் வாசிக்காமலே விட்டுவிடுங்கள். சபையில் என் பேர் வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தெற்கு வரிசை போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாமியாத்தாள்

*

கிணத்துக்கடவு
16-5-2024

சாமியாத்தாளுக்கு,

கூட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிக்க இப்போது எனக்கு மனமில்லை.

உன் அளவைத்தான் முதலில் வாசித்தேன். ஒன்பது வாரம். வாசித்து முடித்ததும் தலைவர் கிருபாசங்கரைப் பார்த்தார். அந்தப் பையன் எழுந்து என்னிடம் வந்து, காதருகே குனிந்து, "அய்யா, கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி ஊட்டுக்கு எங்க ஆள் ஒருத்தரைச் சரி பாக்கறதுக்கு அனுப்பியிருந்தோமுங்க" என்றான். அப்புறம் திரையில் ஒரு படம் போட்டார்கள்.

நம் அப்பாவின் கொப்பரைதான். விளிம்பில் ஆசாரியின் முத்திரைகூடத் தெரிந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. துரு ஏறியிருந்தது. வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

சபை சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. வாய்கள் திறந்ததைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த செட்டிபாளையத்துக்காரன் எனக்குக் கேட்க வேண்டுமென்றே கத்தினான்: "ஏனுங் கவுண்டரே, வாரம் ஒண்ணரை அங்குலம் கோழிதான் குடிச்சுப்போட்டுதுங்களா?" அது கேட்டது.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். என் அளவும் சேர்ந்து போயிற்று. ஒருவர் பொய் சொன்னால் இருவரையும் நம்ப முடியாது என்று தலைவர் எழுதியிருக்கிறார். இருபது வருஷம் படித்துச் சேர்த்த கணக்கு ஒரு கோழியின் அடியில் போய்விட்டது. தண்ணீரால் வந்த சண்டையில் நீ எந்தப் பக்கம் என்பது இப்போது தெரிந்துவிட்டது. நிறையத் தண்ணீர் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு கொப்பரையை நிரப்ப உனக்குச் சோம்பல்.

இனி எழுத வேண்டாம்.

தம்பிதுரை

*

கொழிஞ்சாம்பாறை
27-5-2024

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான், பிறகு இல்லை. அண்ணிக்கும் உங்களுக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

கொப்பரையில் நான் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றத் தண்ணீர் இல்லை. எல்லையில் எங்களுக்கு அளந்து கொடுப்பது உண்மைதான். எங்கள் வாய்க்காலுக்கும் கடைசி என்று ஒன்று இருக்கிறது அண்ணா. நான் அங்கே இருக்கிறேன். நடுவில் யார் எடுக்கிறார்களோ தெரியாது. எங்கள் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கிணற்றில் பாறை தெரிகிறது. மாட்டை விற்றதும் அதனால்தான். பஞ்சாயத்து லாரி வாரத்துக்கு இரண்டு தரம் வரும். வீட்டுக்கு ஐந்து குடம். ஹாரன் கேட்டால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

நீங்கள் அளவைக் கேட்டீர்கள். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கரை தொட்டு ஓடுகிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இல்லை என்று எழுதத்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன். இல்லை என்று எழுதிவிட்டால், அதற்கப்புறம் என்னிடம் கேட்க உங்களுக்கு என்ன இருக்கிறது? ஏழு வருஷம் கழித்து வந்த கடிதம். ஒன்றரை என்று எழுதினேன். அடுத்த கடிதம் வந்தது.

மார்ச் பதினாலாம் தேதி மழை இங்கேயும் பெய்தது. கொப்பரையில் கொஞ்சம் நின்றது. அது ஒன்றுதான் அதில் நின்ற தண்ணீர். மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அளக்கவில்லை.

படம் எடுத்த ஆள் வெயிலில் வந்தார். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். இரண்டு சொம்பு குடித்தார். குடித்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் பின்னால் போனார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். "எதுக்கும்மா இப்படி எழுதுனீங்க?" என்று கேட்டார். எங்க அண்ணனுக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் கணக்கை நான் கெடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரியும்.

ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புவனா வந்து என்னைக் கூட்டிப்போகிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துத் தோட்டத்துச் செவ்வந்தியிடம் கொடுத்துவிடுவேன். கோழிகளையும் அவள் பார்த்துக்கொள்வாள். கொப்பரையை எடைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். அப்பா கொடுத்தது, போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எர்ணாகுளத்தில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வருமாம்.

போகிறேன் என்று சொல்லக் கூடாது. போய் வருகிறேன் அண்ணா.

சாமியாத்தாள்

*

கிணத்துக்கடவு
12-6-2024

அம்மணி சாமியாத்தாளுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதம் ஜூன் இரண்டாம் தேதியே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. அலமாரியில் கிடந்தது. நேற்று உன் அண்ணி பிரித்துப் படித்துவிட்டு என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஒன்பதாம் தேதி தாண்டிவிட்டது. புவனாவின் விலாசம் எனக்குத் தெரியாது. தனபாலுக்கும் தெரியாது, அவனிடம் இருந்த உங்கள் போன் நம்பரெல்லாம் பழையதாம். எனவே இதைப் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். செவ்வந்தி எப்படியாவது உன்னிடம் சேர்க்க வேண்டும்.

வடக்கு வரிசையும் போய்விட்டது. செங்கல் சூளைக்காரன் மரங்களை வெட்டி இரண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். தோப்பு இருந்த இடத்தில் நின்றால் பொள்ளாச்சி ரோட்டில் போகிற பஸ் இங்கிருந்தே தெரிகிறது. கொப்பரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது யாரும் நிழல் என்று சொல்ல முடியாது. தினமும் அளக்கிறேன்.

நீ செய்தது தப்பு. அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. இனி நடக்க வேண்டியதை யார் யார் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டு அரசாங்கமும்: வெயில் குடிக்கிற தண்ணீரை அவரவர் பங்குக்குத் தக்கபடி பிரித்து எழுத வேண்டும். இதில் நான் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போகிறேன்.

எங்கள் அணைப் பொறியாளர்: அணைக்கு இரண்டு பக்கமும் சர்க்கார் செலவில் தொட்டி வைத்து, வலை போட்டு, எல்லாரும் பார்க்கும்படி அளவைப் பலகையில் எழுத வேண்டும்.

உங்கள் பக்கத்து அதிகாரிகள்: எல்லையில் அளந்து வாங்கிய தண்ணீர் எந்த மடையில் திரும்பி யார் தோட்டத்துக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகக் கடைசித் தோட்டத்துக்கு வராத தண்ணீரை வெயில் குடிக்கவில்லை. இதற்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பேரில் கொடுத்தால் அங்கே எடுபடாது. முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும். பொய்யான தாளில் கையெழுத்துப் போட்ட கை, மெய்யான தாளிலும் ஒரு தரம் போடட்டும்.

செட்டிபாளையத்துக்காரன்: அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் தோப்பும் போய்விட்டது.

தனபால்: அடுத்த வாரம் சனிக்கிழமை குட்டியானை வண்டி பிடித்து, ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஏற்றி வர வேண்டும். சொல்லிவிட்டேன். "எதுக்குப்பா?" என்றான். டேங்க்கைக் கழுவிக் கொண்டு வா என்றேன்.

செவ்வந்தி: இப்போது வேறொரு கோழி அடையில் இருந்து குஞ்சு பொரித்திருந்தால், கொப்பரையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் விட்டு, தேங்காய் நார் போட்டுத் துருவைத் தேய்த்து வைக்க வேண்டும். பொரிக்காவிட்டால் கலைக்க வேண்டாம். நான் வாசலில் காத்திருப்பேன்.

நான்: அந்தச் சனிக்கிழமை நம் போர்த் தண்ணீரை டேங்க்கில் நிரப்பிக்கொண்டு, மறியல் பண்ணிய அதே செக்போஸ்ட் வழியாக வருகிறேன். உப்புத் தண்ணீர்தான், குடிக்க ஆகாது, குளிக்க ஆகும். நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொப்பரையை விளிம்பு வரைக்கும் நிரப்பி, வலை போட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

நீ: அது வற்றுவதற்குள் ஒரு தரம் வந்துவிட வேண்டும். வந்து முதலில் தலைக்கு ஊற்றிக்கொள். மிச்சத்தை அப்புறம் அளக்கலாம். ஓர் அடி ஆழம். என் கணக்குப்படி எட்டு வாரம் நிற்கும். அவர்கள் கணக்குப்படி ஆறு வாரம்தான். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவர்கள் கணக்கை எடுத்துக்கொள், கண்ணு.

தம்பிதுரை